பெரியகல்லாற்றுக்குப் போன ஸலாம்

ஓடாத மணிக்கூடு, பாடாத ரேடியோ எல்லாம் என் மாமாவிடம்தான் வந்து சேரும். உம்மாவின் தம்பி அவர். அவர் ஒரு நாள் மூச்சு வாங்க ஓடிவந்து, ஓட்டமாவடியில் அமெச்சூர் ரேடியோ சங்கம் தொடங்கிவிட்டார்கள், பிள்ளைகளும் சேரலாம் என்றார். முந்திய வருட வெள்ளத்தில் டவர்கள் நின்று, போன்களெல்லாம் வாயடைத்துப் போனது ஊருக்கே நினைவிருந்தது. இதற்கு டவர் தேவையில்லை, ஒரு கம்பியும் பற்றரியும் போதும் என்று அவர் சொன்னதும் நானும் சேரணும் என்று அடம்பிடித்தேன். அப்போது எனக்குப் பத்து வயது.

வாப்பா லேசில் விடவில்லை.

"பொம்புளப் புள்ளைக்கு என்னத்துக்கு மச்சான் ரேடியோ? உங்களுக்குப் புடிச்ச பைத்தியம் இவவுக்குமா?"

"இதுவும் ஒரு படிப்புத்தானே மச்சான்."

"சரி, ஒரேயொரு சனிக்கிழமை. நானும் வருவன். அங்கால இருந்து ஒரு குரலும் வராட்டி அதோட நிப்பாட்டணும்."

அந்தக் கிழமை முழுக்க ஒவ்வொரு தொழுகைக்குப் பிறகும் என் துஆ ஒன்றுதான். யா அல்லாஹ், ஒரு குரலை அனுப்பு.

சங்கம் என்பது ஒரு டியூஷன் கொட்டில். மூங்கில் கம்பத்திலிருந்து தென்னைமரம் வரை செப்புக் கம்பி இழுத்திருந்தார்கள். ரேடியோ பழக்குகிற வாத்தியார், லைசன்ஸ் எடுத்த எங்கள் சேர், பக்கத்தில் இருந்தால் நாங்களும் பேசலாம். மறுமுனையில், எங்கள் பக்கத்து நீண்ட வாவியின் தெற்குக் கோடியில், பெரியகல்லாற்றுச் சங்கம். வாப்பா உள்ளே வரவில்லை. ஜன்னலுக்கு வெளியே மோட்டார் சைக்கிளில் இருந்துகொண்டார்.

சேர் மைக்கைத் தந்து, பட்டனை அமுக்கினால்தான் நம் குரல் போகும் என்றார். அதற்குப் பிறகு அவர் சொன்ன எதுவும் என் காதில் ஏறவில்லை. சங்கத்தின் அழைப்புக்குறியைச் சொல்லி, "அஸ்ஸலாமு அலைக்கும்" என்றேன்.

சொல்லிவிட்டுக் காத்திருந்தேன். ஸலாம் சொன்னால் பதில் வரும்வரை வேறு பேச்சு எடுக்கக் கூடாது, அது எங்கள் வீட்டுப் பழக்கம். பதில் வரவில்லை. பட்டனை இன்னும் இறுக்கி அமுக்கிக்கொண்டு சத்தமாகச் சொன்னேன். இல்லை. மூன்றாம் தடவை குரல் அழுகையாக உடைந்தது. எல்லாம் முடிந்தது என்று நான் நினைத்த நேரம், ஜன்னலுக்கு வெளியே வாப்பா பொறுக்கமாட்டாமல், "வஅலைக்கும் ஸலாம்!" என்று கத்தினார். கொட்டிலே சிரித்தது.

"விரல எடுங்க மகள்," என்றார் சேர். "நீங்க அமுக்கிக்கிட்டே இரிந்தா அவர் எப்பிடிப் பேசுற?"

எடுத்தேன். இரைச்சலைக் கிழித்துக்கொண்டு ஒரு கிழக் குரல் வந்தது!

"வஅலைக்கும் ஸலாம் மகள், வஅலைக்கும் ஸலாம்! இஞ்ச பெரியகல்லாறு. பட்டன எப்ப விடுவீங்க எண்டுதான் பாத்துக்கொண்டிருந்தன். எங்கட கோயில்ல பூசை நடக்குது, மணிச்சத்தம் கேக்குதா? ஓவர்."

கேட்டது. வாவியைத் தாண்டி அந்த மணி என் காதுக்குள் அடித்தது. "கேக்குது, அல்ஹம்துலில்லாஹ், கேக்குது!" என்று துள்ளித் துள்ளிக் கத்தினேன். இந்தத் தடவை பட்டனை அமுக்க மறந்துவிட்டேன்.

திரும்பி வரும்போது வாப்பா கேட்டார், "அந்த மனிசன் ஸலாத்துக்கு என்ன சொன்னார் மகள்?" சொன்னேன். பாலத்தடியில் மறுபடியும் கேட்டார். வீட்டு வாசற் படலையில் இறங்கும்போது இன்னொரு தடவை.

"உம்மா, வாப்பாக்குக் காது மந்தமாப் போச்சு," என்றேன். சின்னப் பகிடிக்கும் விழுந்து விழுந்து சிரிக்கிற உம்மா அன்று சிரிக்கவில்லை.

நாட்டில் சண்டை தொடங்குவதற்கு முந்திய காலத்தில் வாப்பா இடுப்பில் உடுக்கிற சாரங்களைச் சைக்கிளில் மூட்டையாகக் கட்டிக்கொண்டு பெரியகல்லாற்றுப் பக்கத்து ஊர்களுக்கு வியாபாரத்துக்குப் போனவர். வாசலில் நின்று அவர் ஸலாம் சொன்னால் கோயிலுக்குப் போகிற தமிழ் ஆட்களும் அப்படித்தான் பதில் சொல்லுவார்களாம். சண்டை இரண்டு பக்கத்தையும் பிரித்த பிறகு அந்தப் பாதையில் அவர் போனதேயில்லை. இதெல்லாம் உம்மா எனக்குச் சொன்னது நான் கலியாணம் முடித்த பிறகுதான்.

அடுத்த சனிக்கிழமை நான் எழும்பும் முன்பே வாப்பா வெளிக்கிட்டு, மோட்டார் சைக்கிளைத் துடைத்துக்கொண்டு நின்றார். என்னை ரேடியோ பழக்கத்தான் இவ்வளவு அவசரம் என்று நினைத்துக்கொண்டு நான் ஓடிப்போய் ஏறினேன்.