வெள்ளிக்கிழமை வெந்த முட்டை

இரணைமடுக் குளத்து வேலைத்தலத்தில் என் கணவருக்குக் கிளாக்கர் உத்தியோகம். குளம் பார்க்க வரும் பெரியவர்களுக்குச் சாப்பாடு எங்கள் வீட்டில்தான். அந்த வினையை நானேதான் தேடிக்கொண்டேன். போறணை இல்லாத வீட்டில் ஒருநாள் முட்டையைப் பேக்கரிப் போறணையில் வேகவைத்ததுபோல் செய்து பேர் வாங்கிவிட்டேன்.

அவித்த உருளைக்கிழங்கு, வெங்காயம், பச்சைமிளகாய், முருங்கையிலை எல்லாவற்றையும் அடித்த முட்டையில் கலந்து, நெய் தடவிய தாச்சிச் சட்டியில் ஊற்ற வேண்டும். கீழே கொஞ்சம் தணல், தகர மூடிக்கு மேலே சிரட்டைத் தணல். அரை மணித்தியாலத்தில் கேக் மாதிரி எழும்பி நிற்கும். "சுகமான வேலை, தன்பாட்டிலை வேகும்" என்று இவர் வந்தவர்களிடமெல்லாம் சொல்வார். புகைக்குள் குந்தியிருப்பவள் நானல்லவா.

அந்த வெள்ளிக்கிழமை எனக்கு வவுனியாவில் ஆசிரியர் வேலைக்கு நேர்முகம். பின்னேரம் மூன்று மணிக்குள் போய்ச் சேர வேண்டும். சந்தியில் ஒன்பது மணிக்கு பஸ், அதை விட்டால் பின்னேரம்தான். கடிதம் அலுமாரிக்குள், சேலை மடிப்புக்குள் இருந்தது. முதல்நாள் இரவுதான் இவர் சொன்னார், கொழும்பிலிருந்து ஒரு பெரியவர் எட்டு மணிக்கு வருகிறாராம்.

"இண்டைக்கு வெள்ளி. குசினி அடுப்பிலை முட்டை ஏத்தேலாது" என்றேன் காலையில்.

"வெளியிலை வைச்சுச் சமையும். அவர் கொழும்பு ஆள், வெள்ளி செவ்வாய் பாக்க மாட்டார்."

முற்றத்தில் மூன்று கல் வைத்து, விடியவே தணல் போட்டேன். எட்டு மணிக்கு முட்டை வெந்து தயாராக இருந்தது. வெட்டிக் கொடுத்துவிட்டு ஓடலாம் என்று சேலையும் மாற்றிவிட்டேன். ஆளைக் காணவில்லை. ஆறிவிடாமல் தணலை மாற்றி மாற்றி வைத்தேன். ஒன்பதுக்கு பஸ் ஹோர்ன் கேட்டது. எனக்கு அழுகை வந்தது. புகை என்று சொல்லிக் கண்ணைத் துடைத்தேன்.

பத்து மணிக்கு ஜீப் வந்தது. இறங்கியவரின் நெற்றியில் மூன்று குறி விபூதி. தட்டைப் பார்த்ததும் அவருக்குச் சங்கடமாகிவிட்டது.

"குறை நினைக்காதேங்கோ தங்கச்சி. நான் வெள்ளியிலை சைவம். ஒரு தேத்தண்ணி காணும்."

வீட்டில் நாங்களும் வெள்ளியில் சைவம்தான். அந்த முட்டையைத் தொட ஆளில்லை.

தேத்தண்ணியைக் குடித்துவிட்டு அவர் எழும்பினார். "குளம் பாத்து முடிஞ்சுது, இப்பவே வவுனியா வழியாத் திரும்பிறன். ஜீப்பிலை இடம் இருக்கு. ரெண்டு பேருக்கும் அங்கை ஏதும் அலுவல் இருந்தா ஏறுங்கோ."

"இல்லை ஐயா" என்றார் இவர் சிரித்துக்கொண்டே. "எனக்கு இஞ்சை வேலை. அவாவுக்கு அங்கை என்ன அலுவல்?"

இவருக்கு நேர்முகம் தெரியும். கடிதத்தை உடைத்து முதலில் வாசித்ததே இவர்தான். நான் முட்டைத் தட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும், அந்த மனிதர் ஏற்றிக்கொண்டு போயிருப்பார். நான் சொல்லவில்லை. இவர் மேல் இருந்த கோபம் எப்போதோ ஆறிவிட்டது. என் மேல் இருப்பது இன்னும் ஆறவில்லை.