மௌன விருந்தாளிக்கு ஒரு கப்பல் டிக்கெட்

1. அறையில் ஆள் இல்லை

"அண்ணே, நம்ம வெள்ளைக்காரம்மா ரூம்ல இல்ல. கப்பல்ல ஏறிப் போயிட்டாங்கன்னு சொல்றாங்க."

தெற்கே வேறொரு தீவில் இருக்கும் ஹட் பேயிலிருந்து சரோஜா போனில் இதைச் சொன்னபோது நான் போர்ட் பிளேரில், எங்கள் டிராவல்ஸ் அலுவலகத்தில் உட்கார்ந்திருந்தேன். சரோஜாவுக்கு ஹட் பேயில் நான்கு அறைகள் கொண்ட ஒரு லாட்ஜ் இருக்கிறது. எண்ணெய்ப்பனைத் தோட்டம் மூடியபோது அவர் கணவருக்கு வேலை போனது. அதற்குப் பிறகு இருவரும் சேர்ந்து கட்டியது அது. அங்கே ஒரு வாரம் தங்குவதற்காக நாங்கள் அனுப்பிய விருந்தாளி, பாதி வாரம்கூட முடியாமல் கிளம்பியிருந்தார்.

ஏதாவது சண்டையா என்று கேட்டேன். இல்லை என்றார். உடம்பு சரியில்லையா என்றேன். அதுவும் இல்லை. அப்படியானால் அவருக்கு டிக்கெட் எப்படிக் கிடைத்தது? இந்தத் தீவுகளில் விமான டிக்கெட்டுக்குப் பணம் இருந்தால் போதும். கப்பல் டிக்கெட்டுக்கு ஆள் வேண்டும். வெளிநாட்டிலிருந்து தனியாக வந்த ஒரு பெண்ணுக்கு ஹட் பேயில் யாரைத் தெரியும்?

"ஊரே சேர்ந்து எடுத்துக் குடுத்திருக்குண்ணே" என்றார் சரோஜா. அதே மூச்சில், "அப்ப அந்த கான்ட்ராக்டர்கிட்ட சரின்னு சொல்லிடவா?" என்று கேட்டார்.

கான்ட்ராக்டர் விஷயத்தைப் பிறகு சொல்கிறேன்.

2. போர்டு மாறிய வரலாறு

நான் செய்தித்தாளிலிருந்து சுற்றுலாவுக்கு வந்தவன். போர்ட் பிளேரில் ஒரு சிறிய பத்திரிகையில் வெகுகாலம் நிருபராக இருந்தேன். கப்பல் வருகை, கப்பல் ரத்து, கப்பல் தாமதம் ஆகிய மூன்றும்தான் அங்கே முதல் பக்கம். பத்திரிகை படுத்ததும் டிராவல்ஸ் முதலாளி பாண்டியன் என்னை வேலைக்குக் கூப்பிட்டார். அவர் பூர்விகம் ராமநாதபுரம் பக்கம். பிறந்து வளர்ந்தது போர்ட் பிளேரின் ஷாதிபூர் பகுதியில். அவருக்கு டிராவல்ஸ் தொழில் தெரியும். ஆனால் படிக்கப் பொறுமை கிடையாது. அதனால் உலகச் சுற்றுலாச் செய்திகளைக் காலையில் படித்து, அதன் சாரத்தை டீ ஆறுவதற்குள் அவருக்குச் சொல்வது என் வேலையில் ஒரு பகுதி.

"எடிட்டர், இன்னிக்கு ஃபாரின்ல என்ன ஓடுது?" என்று கேட்பார். நான் ஏதாவது ஒரு புதுச் சொல்லைச் சொன்னால், வார இறுதிக்குள் அது வாசல் போர்டில் ஏறிவிடும். பெயின்டருக்கு எங்களிடம் மாதச் சம்பளமே கொடுத்திருக்கலாம்.

எங்கள் போர்டை வைத்தே சர்வதேசச் சுற்றுலாவின் வரலாற்றை எழுதலாம். முன்பெல்லாம் வந்தவர்கள் ஜெயிலையும் கடலையும் பார்த்துவிட்டுப் போனார்கள். அடுத்து வந்தவர்கள் கடலுக்குள் இறங்கினார்கள். அதற்கடுத்து வந்தவர்கள் எதையும் பார்க்கவில்லை. பார்ப்பதுபோல் போட்டோ எடுத்துக்கொண்டு போனார்கள். பெருந்தொற்றுக்குப் பிறகு லேப்டாப்போடு வந்து, கடலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து ஆபீஸ் வேலை செய்தார்கள். அப்போது போர்டில் 'ஹை ஸ்பீட் வைஃபை' என்று எழுதினோம். கடலுக்கடியில் கேபிள் வந்து, எங்களுக்கு நெட்வொர்க் என்ற ஒன்று கிடைத்திருந்த நேரம் அது.

அந்தப் பெயின்ட் காய்வதற்குள், ஒரு காலையில் நான் 'குவயட் டிராவல்' என்று படித்தேன். பேச்சு இல்லை, போன் இல்லை, இன்டர்நெட் இல்லை, கைடு இல்லை. இதற்கு வெளிநாட்டில் கூட்டம் அலைமோதுகிறதாம். பாண்டியன் டீயைக் கீழே வைத்தார்.

"நெட்வொர்க் இல்லேன்னு எத்தனை வருஷம் கஸ்டமர்கிட்ட திட்டு வாங்கியிருப்போம். இப்ப அது இல்லாம இருக்கிறதுக்கு எக்ஸ்ட்ரா காசா?"

ஆமாம் என்றேன்.

"நாம அவசரப்பட்டு முன்னேறிட்டோம் எடிட்டர்" என்றார்.

இந்த வகைப் பயணங்களை மட்டுமே விற்கும் ஓர் ஐரோப்பியக் கம்பெனிக்கு எழுதிப் போட்டோம். அவர்கள் தங்கள் ஆளை முதலில் அனுப்பி, விருந்தாளியாகத் தங்கிப் பார்க்கச் சொல்வார்கள். பிடித்திருந்தால் சீசன் முழுக்க ஆட்களை அனுப்புவார்கள். டூரிஸ்டுகள் குவியும் ஹாவ்லாக் தீவில் பைக் சத்தம் அதிகமாகிவிட்டது. அமைதிக்கு ஹட் பேதான் சரி என்று முடிவானது. அங்கே எங்களுக்குத் தெரிந்த லாட்ஜ் சரோஜாவுடையது.

அவருக்கும் அது சரியான நேரம். ஹட் பே வரை டூரிஸ்டுகள் அதிகம் வருவதில்லை. ரோடு போட வந்த கான்ட்ராக்டர் ஒருவர் லாட்ஜை அப்படியே சிமென்ட் கோடவுனாக எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். கணவருக்கு அதில் சம்மதம். சரோஜாவுக்கு இல்லை. ஒவ்வொரு ஜன்னலுக்கும் திரைச்சீலையைத் தன் கையால் தைத்தவர் அவர். "இந்த வெள்ளைக்காரம்மா வந்துட்டுப் போகட்டும், அப்புறம் பதில் சொல்றேன்" என்று தவணை வாங்கியிருந்தார்.

பாண்டியன் அவரிடம் போன மாதம் மாட்டச் சொன்ன வைஃபை போர்டைக் கழற்றச் சொன்னார். விஷயம் வெளியே தெரிந்தால் மற்ற டிராவல்ஸ்காரர்கள் புகுந்துவிடுவார்கள், ஊரில் யாரிடமும் மூச்சு விடாதே என்றும் சொன்னார். பாதிக் கோளாறு அங்கேயே தொடங்கிவிட்டது.

3. லேமினேஷன்

வந்தவர் பெயர் கிளாரா. ஐம்பது வயதைத் தாண்டியவர். ஒல்லியான உருவம். மிகவும் மரியாதையானவர். ஹட் பே கப்பல் துறையான ஜெட்டியில் இறங்கும் நொடியிலிருந்து மௌனம் தொடங்கும், வாரக் கடைசியில்தான் முடியும் என்று எங்களிடம் விளக்கினார். போனை ஒரு உறையில் போட்டு ஒட்டி எங்கள் கையில் கொடுத்தார். லாட்ஜ்காரர் கண்ணில் படக்கூடாது, சாப்பாட்டைக் கதவருகே வைத்துவிட்டுப் போக வேண்டும், ஒரு நாள் மட்டும் முன்கூட்டிச் சொல்லாமல் எங்காவது அழைத்துப் போகலாம். இவை கம்பெனி விதிகள்.

யாராவது வழியில் பேச்சுக் கொடுத்தால் என்ன செய்வது என்பது பாண்டியனின் கவலை. ஒரு அட்டை அடித்துவிடலாம் என்றார். தமிழ், ஹிந்தி, இங்கிலீஷ் மூன்றிலும், 'நான் மௌனம் காக்கிறேன். ஒத்துழைப்புக்கு நன்றி' என்று அச்சிட்டு, மழைக்குத் தாங்கும்படி லேமினேஷனும் போட்டுக் கயிறு கட்டிக் கொடுத்தார். கிளாரா அதைக் கழுத்தில் மாட்டிப் பார்த்துச் சந்தோஷப்பட்டார்.

பஸ்ஸிலும் ரயிலிலும் பேச முடியாதவர்கள் லேமினேஷன் அட்டையை நம் மடியில் வைத்துவிட்டு, கொஞ்சம் நின்று, திரும்ப வாங்கிக்கொண்டு போவதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அந்த அட்டையில் எழுதியிருப்பதை யாரும் படிப்பதில்லை. அட்டையைப் பார்த்ததும் கை தானாகப் பாக்கெட்டுக்குப் போகும். இது எங்கள் இருவரில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

4. ஜெட்டியில் உட்காரக் கூடாது

பிறகு பலரிடமும் கேட்டு நான் தொகுத்துக்கொண்டது இது.

கிளாராவுக்கு ஜெட்டிக்குப் பக்கத்து மரத்தடி பிடித்துவிட்டது. காலையிலேயே தண்ணீர், பாய், புத்தகம் எல்லாவற்றையும் முதுகுப்பையில் போட்டுக்கொண்டு அங்கே போய்க் கடலைப் பார்த்தபடி உட்கார்ந்துவிடுவார். வேறு எந்த ஊரிலும் இதை யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். எங்கள் தீவுகளில், ஜெட்டிக்குப் பக்கத்தில் பையோடு ஒருவர் பேசாமல் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். டிக்கெட் கிடைக்கவில்லை.

அந்த வாரம் கடல் சரியில்லாமல் ஒரு கப்பல் வேறு ரத்தாகியிருந்தது. அப்படி மாட்டிக்கொண்டவர்களுக்கு ஜெட்டியைச் சுற்றியுள்ள வீடுகளில் சாப்பாடு கொடுப்பது வழக்கம். இன்று இவர், நாளைக்கு நாம். அதனால் யாரும் கணக்குப் பார்ப்பதில்லை.

முதலில் வந்தவர் காய்கறி விற்கும் துளசி மாஷி. வங்காளி. எல்லோருக்கும் சித்தி முறை. "டிக்கெட் நஹி மிலா?" என்று கேட்டிருக்கிறார். கிளாரா புன்னகையோடு அட்டையைக் கழற்றி அவர் கையில் வைத்தார். மாஷி அதைத் திருப்பிப் பார்த்தார், கிளாராவைப் பார்த்தார், பத்து ரூபாய் எடுத்து அட்டையோடு சேர்த்துக் கொடுத்தார். கிளாரா பதறி நோட்டைத் திருப்பிக் கொடுத்திருக்கிறார்.

"பேச்சாரி" என்றார் மாஷி, பாவம் என்ற பொருளில். "வாயும் இல்லை, டிக்கெட்டும் இல்லை. மானம் மட்டும் இருக்கிறது" என்று அன்றைக்குள் ஜெட்டி முழுக்கச் சொல்லிவிட்டார்.

மத்தியானத்துக்குள் மரத்தடியில் மீன் குழம்பு, பூரி, இட்லி, ஒரு சீப்பு வாழைப்பழம் எல்லாம் சேர்ந்துவிட்டன. அவர் தனியாக இருந்தால் மனசு உடைந்துவிடுமென்று பெண்கள் முறை வைத்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்கள். அவருக்குக் காது கேட்காது என்று நினைத்து, தங்கள் மாமியார் கதைகளை அவரிடம் தாராளமாகக் கொட்டினார்கள். பேசக் கூடாது என்ற விதி கிளாராவுக்கு. அவரிடம் பேசக் கூடாது என்று யாருக்கும் சொல்லப்படவில்லை. சொல்லியிருக்க வேண்டிய சரோஜா, விதிப்படி, சமையலறைக்குப் பின்னால் ஒளிந்திருந்தார்.

விஷயம் பிரதான் வரை போனது. கிராமப் பஞ்சாயத்துத் தலைவரை இங்கே பிரதான் என்போம். ஹட் பே பிரதான் தமிழர். தேர்தல் நெருங்கிக்கொண்டிருந்த நேரம். வாய் பேச முடியாத ஒரு வெளிநாட்டுப் பெண்மணி தன் ஜெட்டியில் டிக்கெட் இல்லாமல் கிடப்பதை அவர் எப்படி விடுவார்? போர்ட் பிளேர் கப்பலில், எமர்ஜென்சி கோட்டாவில் ஒரு இடம் வாங்கினார். ஜெட்டி பக்கத்திலேயே இருந்தும் மரியாதைக்கு ஒரு ஆட்டோவைக் கூப்பிட்டார். கிளாராவின் பையைத் தானே தூக்கினார். அன்றைக்கென்று பாத்ரூம் போகும் அவசரத்தில் கிளாரா எல்லாச் சாமானையும் பைக்குள் போட்டுக்கொண்டு எழுந்து நின்றிருந்தார்.

முன்கூட்டிச் சொல்லாமல் ஒரு நாள் அழைத்துப் போவார்கள் என்பது விதியில் இருக்கிறதல்லவா? அதுதான் இது என்று கிளாரா நினைத்தார். ஊரே நின்று கை அசைத்தது. அவரும் அசைத்தார். பாத்ரூம் கப்பலிலேயே இருந்தது. கரை கண்ணிலிருந்து மறைந்த பிறகுதான் அவருக்குச் சந்தேகம் வந்ததாம்.

5. பாண்டியனின் கை

நானும் பாண்டியனும் போர்ட் பிளேர் ஜெட்டியில் காத்திருந்தோம். இந்தக் காலத்தில் ஒரு கெட்ட ரிவ்யூ என்ன செய்யும் என்பதை வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார். சரோஜா இரண்டு முறை போன் செய்துவிட்டார். கான்ட்ராக்டர் அங்கே அளவெடுக்கும் டேப்போடு வந்து நின்றாராம்.

கிளாரா இறங்கினார். ஒரு கையில் வாழைப்பழம், மற்றொரு கையில் கருவாட்டுப் பொட்டலம். தலையில் யாரோ போட்டுவிட்ட கம்பளிக் குல்லா. முகத்திலிருந்து எதையும் கண்டுபிடிக்க முடியவில்லை.

பாண்டியன் ஓடிப்போய் மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தார். மன்னிப்பு நீண்டுகொண்டே போனது. கிளாரா அவரை நிறுத்த வழி தெரியாமல், அட்டையைக் கழற்றி அவர் கையில் வைத்தார்.

பாண்டியன் பேச்சை நிறுத்திவிட்டு, பாக்கெட்டிலிருந்து பத்து ரூபாய் எடுத்து நீட்டினார்.

நீட்டிய பிறகுதான் தன் கையைப் பார்த்தார். அந்த அட்டையை அச்சடித்தவர் அவர். லேமினேஷன் போட்டவர் அவர். கிளாராவின் தோள்கள் குலுங்கின. அழுகிறார் என்று பயந்தோம். சத்தம் வராமல் சிரித்துக்கொண்டிருந்தார்.

மௌனத்தில் அவர் கறாரானவர். வார இறுதிவரை வாய் திறக்கவில்லை. அதுவரை பாண்டியன் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. கெடு முடிந்த காலையில் கிளாரா எங்கள் அலுவலகத்துக்கு வந்து உட்கார்ந்து முதலில் கேட்டது, மாஷி என்றால் பெயரா, உறவுமுறையா என்று. இரண்டாவதாக, அடுத்த கப்பலில் ஹட் பேக்குத் திரும்பிப் போக வேண்டும் என்றார்.

டிக்கெட் இல்லை. பாண்டியன் பிரதானுக்குப் போன் போட்டார்.

"அம்மா பேசறாங்களா இப்ப?" என்று கேட்டார் பிரதான்.

"நல்லா பேசறாங்க."

"அப்ப எமர்ஜென்சி இல்லையே சார். எல்லாரையும் மாதிரி கவுன்ட்டர்ல நிக்கச் சொல்லுங்க."

கிளாரா கவுன்ட்டரில் நின்றார். பின்னால் நின்ற கார் நிக்கோபார் தீவுக்காரர் ஒருவர் வரிசையில் தனக்கு இடம் பிடித்து வைத்ததையும் பிறகு என்னிடம் சொன்னார்.

6. என்ன எழுதினார்கள்

கம்பெனியின் முடிவு சில வாரம் கழித்து வந்தது. அமைதிப் பயணத்துக்கு ஹட் பே தகுதியற்றது என்று எழுதியிருந்தார்கள். காரணமும் ஒரு வரியில் இருந்தது. இங்கே ஒருவர் தனியாக உட்கார்ந்திருக்க ஊர் அனுமதிப்பதில்லை.

பாண்டியன் நாற்காலியில் சாய்ந்துவிட்டார். அடுத்த பத்தியை நான்தான் அவருக்குப் படித்துக் காட்ட வேண்டியிருந்தது. தனியாகப் பயணம் செய்யும் பெண்களுக்காக அந்தக் கம்பெனி இன்னொரு பிரிவு நடத்துகிறது. அதில் வருகிறவர்களின் முதல் கேள்வி, எனக்கு ஏதாவது ஆனால் அங்கே யாராவது கவனிப்பார்களா என்பதாம். சரோஜாவின் லாட்ஜை அந்தப் பிரிவில் சேர்த்துக்கொள்ள அனுமதி கேட்டிருந்தார்கள். ஒரே நிபந்தனை, அட்டை கூடாது.

சரோஜாவுக்கு நானே போன் செய்தேன். முழுவதையும் கேட்டுவிட்டு அவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"அப்ப இனிமே நான் ஒளிஞ்சிருக்க வேணாமாண்ணே?"

கான்ட்ராக்டர் வேறு கட்டடம் பார்த்துக்கொண்டார். திரைச்சீலைகள் இன்னும் அதே ஜன்னல்களில் இருக்கின்றன.

இந்தத் தொழிலுக்கு வரும் இளைஞர்களுக்கு நான் சொல்ல ஒன்று உண்டு. வெளியூரிலிருந்து ஒரு புதுச் சொல் வந்தால், உடனே பெயின்டரைக் கூப்பிடாதீர்கள். அந்தச் சொல்படி ஒரு ஆள் உங்கள் ஊரில் நடந்துகொண்டால், ஊர் அவரை என்னவென்று நினைக்கும் என்று முதலில் விசாரியுங்கள். விசாரிக்கப் பெரிய ஆபீஸ் எதுவும் வேண்டாம். காய்கறி விற்கிற ஒருவர் போதும்.

பாண்டியன் நான் சொன்னதை ஒப்புக்கொண்டார். மறுநாள் பெயின்டர் வந்திருந்தார். போர்டில் இப்போது, 'இங்கே உங்களைத் தனியாக விடமாட்டோம்' என்று இருக்கிறது. படித்துவிட்டு இரண்டு பேர் உள்ளே வராமலே திரும்பிப் போனதை நானே ஜன்னல் வழியாகப் பார்த்தேன்.