ஒன்பது தலைப் பாவாடை

போன வருஷம் கோடை விடுமுறை. காரைக்குடியில் எங்கள் தெருவுக்குப் பின்னால் இருக்கும் சமுதாயக் கூடத்தில், பெண் பிள்ளைகளுக்கு உடை டிசைன் படம் வரையக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தேன். கல்யாணத்துக்கு முன்பு சென்னையில் ஒரு ஏற்றுமதி கம்பெனியில் அதே வேலை பார்த்தவள் என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு. அதுதான் வினையாகப் போயிற்று.

டிசைன் படத்தில் பெண் உருவத்தை ஒன்பது தலை உயரத்துக்கு, அதாவது தலையின் நீளத்தைப் போல ஒன்பது மடங்காக வரைவோம். இடுப்புவரை மூன்று தலை, அதற்குக் கீழே ஆறு தலை. அப்போதுதான் உடை எடுப்பாகத் தெரியும். “தலை அளவு தெரிஞ்சாப் போதும், மத்த அளவெல்லாம் தானா வந்துரும்” என்று அன்றைக்கு உற்சாகத்தில் அளந்துவிட்டேன். நிஜத்தில் எந்த மனுஷியும் ஏழரைத் தலைக்கு மேல் இருக்க மாட்டாள் என்பதைச் சொல்லவேயில்லை.

கோவிலூரிலிருந்து பஸ்ஸில் வரும் பெண் ஒருத்தி. பிளஸ் டூ முடித்துவிட்டு, டிசைன் படிப்பில்தான் சேருவேன் என்று வீட்டில் ஒற்றைக்காலில் நின்றுகொண்டிருந்தாள். வீட்டிலேயே துணி தைக்கும் அவள் அம்மாவுக்கு அதில் நம்பிக்கை இல்லை. கடைசியில், அக்காவின் நிச்சயதார்த்தப் பாவாடையை அவளே வரைந்து வெட்டட்டும், சரியாக வந்தால் சேர்த்துவிடுகிறேன் என்று இறங்கி வந்திருந்தார்.

நிச்சயத்துக்கு இரண்டு நாள் முன்பு காலையில் போன் வந்தது. “அளவு தப்பாப் போச்சு மிஸ். நீங்க சொன்ன கணக்குலதான் வெட்டுனேன்.” அதற்கு மேல் அழுகைதான் கேட்டது. போனும் கட்டாகிவிட்டது.

ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். மதுரையில் தேடிப் பிடித்து வாங்கிய துணி. அதே நிறத்தில் இன்னொன்று கிடைக்காது. பாவாடை கட்டையாகிவிட்டதா, நீளமா? நிதானமாக யோசித்தால் ஐந்தாம் வகுப்புக் கணக்குதான். ஆனால் வழியெல்லாம் முழங்கால்வரை ஏறிய பாவாடைதான் கண்ணுக்குள் நின்றது. என் வாயால் ஒரு பிள்ளையின் படிப்பு போகப்போகிறதே என்று ஸ்கூட்டரை இன்னும் விரட்டினேன்.

வீட்டுக்குள் நுழைந்தால், அக்காக்காரி அந்தப் பாவாடையைக் கட்டிக்கொண்டு ஸ்டூல் மேல் நின்றுகொண்டிருந்தாள். பாதத்தையும் தாண்டி ஸ்டூலுக்குக் கீழே துணி தொங்கியது.

“நீளமா?” என்றேன்.

“ஒரு அடி மிஸ்” என்றாள் அக்கா. அவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். போன உயிர் திரும்பி வந்தது. நீளத்தைக் குறைக்கலாம், குறைந்ததை நீட்ட முடியாது.

நடந்தது பிறகுதான் தெரிந்தது. ரவிக்கைக்கு வீட்டில் அளவு ரவிக்கை இருந்திருக்கிறது. பாவாடைக்கு அப்படி ஒன்றும் இல்லை. அக்கா கோயம்புத்தூரில் வேலை பார்க்கிறாள்; அன்று காலைதான் வந்து இறங்கியிருக்கிறாள். அதனால் இவள் போனில் கூப்பிட்டு, உச்சந்தலையிலிருந்து தாடைவரை டேப் வைத்துப் பார்க்கச் சொல்லியிருக்கிறாள். எட்டரை அங்குலம். ஆறால் பெருக்கி, வந்த ஐம்பத்தோரு அங்குலத்துக்கு, அம்மா சொந்தக்காரர்களை அழைக்கப் போயிருந்த நேரத்தில் வெட்டிவிட்டாள்.

“நீங்க இப்படியா சொல்லிக் குடுத்தீக?” என்று அம்மா கேட்டார்.

“ஆமாங்க. தப்பு என் மேலதான்” என்றேன். அந்தப் பிள்ளை முன்னால் கௌரவம் பார்க்கத் தோன்றவில்லை.

அதுவரை மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தவள் எழுந்துபோய்த் தன் படத்தை எடுத்து வந்தாள். வரைந்திருந்த பாவாடையின் கீழ்ப்பக்கம் குறுக்கே மூன்று கோடு போட்டாள். “இங்குட்டு மூணு மடிப்பு வச்சு, ஓரத்துல லேஸ் குடுத்தா?”

அம்மா படத்தையும் துணியையும் மாறிமாறிப் பார்த்தார். பிறகு ஊசியில் நூல் கோத்தார். “நல்லாத்தான் இருக்கும். மேப்படிப்புக்குப் போறப்ப ஞாபகமா டேப்ப எடுத்துட்டுப் போகச் சொல்லுங்க டீச்சர்.”

அவள் இப்போது டிசைன்தான் படிக்கிறாள். நிச்சயதார்த்தத்தில் அந்த மடிப்புகளை எல்லாரும் தொட்டுத் தொட்டுப் பார்த்து மெச்சினார்கள். நானும் மற்றவர்களோடு சேர்ந்து தலையாட்டிக்கொண்டு நின்றேன். இன்றைக்கும் வகுப்பில் பெருமையாக ஏதாவது சொல்ல வாயைத் திறந்தால், அந்த மூன்று மடிப்புக்குள் ஒளிந்திருக்கும் ஒரு அடித் துணி ஞாபகத்துக்கு வந்து, முதலில் டேப்பைக் கையில் எடுக்க வைக்கிறது.