மூடுபனியில் அம்மாவின் கீர்த்தனை

எங்கே ஈரத் தைலமர விறகு புகைந்தாலும் இன்றைக்கும் எனக்கு அம்மாவின் குரல் கேட்கும். எழுபதுகளில் இலங்கைத் தோட்டத்தை விட்டு வந்து கொடைக்கானலில் நாங்கள் குடியிருந்த தகரக் கொட்டகைகள் இப்போது இல்லை. மரம் வெட்டப் போனவர்களுக்கு மூடுபனியில் வழி தெரியாது என்பதால், சாயங்காலமானால் அம்மா வாசலில் நின்று, உலை வைக்க அரிசி இல்லாத நாளிலும் முகம் மலர்ந்து, இயேசுவைத் துதித்துக் கீர்த்தனை பாடுவாள். அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டு அப்பா வந்து சேர்வார்.

ஒருநாள் அப்பா வந்ததும் அம்மா பாட்டை நிறுத்த, மாரியம்மனுக்கு விளக்கேற்றிவிட்டு ஓடிவந்த பக்கத்துவீட்டு ராக்காயி, "எங்க வீட்டுக்காரரு இன்னும் வரலக்கா, நிறுத்திறாதீங்க" என்றாள்.

தொண்டை கட்டும்வரை அம்மா பாடினாள். பிறகு அதே கீர்த்தனையை ராக்காயி பாடினாள், ஒரு வரி தவறாமல்.

பனிக்குள்ளிருந்து ஓர் ஆண்குரல் அடுத்த அடியை எடுத்துப் பாடியது.