மாப்பிள்ளைக்கு வைத்த ஹிம்சாகர்

என் மாப்பிள்ளையைப் பார்த்து எனக்குப் பொறாமை. அறுபத்திரண்டு வயதில் இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. இருந்தாலும் சொல்லித் தொலைக்கிறேன்.

பிறந்தது அம்பாசமுத்திரம். கொல்கத்தா துறைமுக அலுவலகத்தில் முப்பத்துநாலு வருஷம் குப்பை கொட்டிவிட்டு இப்போது அதே ஊரில் பெஹாலா பக்கம் குடியிருக்கிறேன். பதவி உயர்வில் என்னை முந்திப் போகாதவன் கிடையாது. மஹாதேவன் என்ற பெயருக்கு ஏதாவது மரியாதை இருந்தால் அது மாம்பழம் பொறுக்குவதில்தான். ஹிம்சாகர் என்கிற இந்த ஊர் மாம்பழம் பழுத்தாலும் தோல் பச்சையாகவே இருக்கும். கண்ணை நம்பி வாங்குகிறவன் ஏமாந்து போவான். நான் காம்படியில் மூக்கை வைத்தால் போதும், இன்றைக்குச் சாப்பிடவா நாளைக்கா என்று சொல்லிவிடுவேன். சந்தையில் வங்காளிகளே என் பையைப் பிடித்து நிறுத்தி, தங்களுக்கும் ரெண்டு எடுத்துத் தரச் சொல்வார்கள். இந்த ஊர் வெயிலில் வேர்த்து வழிந்துகொண்டு நான் உயிரோடு இருப்பதே அந்தப் பழத்துக்காகத்தான். ஒவ்வொரு வருஷமும் முதல் பழம் என் தட்டில்தான் விழும்.

இந்த வருஷம் விழவில்லை.

என் மகள் தாரா, ஜாதவ்பூரில் தன்னோடு படித்த வங்காளி சௌமிக்கைக் கல்யாணம் செய்துகொண்டாள். நல்ல பையன். குறை சொல்ல ஒன்றுமில்லை, எனக்கு அதுதான் பெரிய குறை. ஜூன் மாதம் ஜமாய் சஷ்டி வந்தது. அன்றைக்கு வங்காள மாமியார்கள் மாப்பிள்ளையை உட்காரவைத்து, மணிக்கட்டில் மஞ்சள் நூல் கட்டி, பனை விசிறியால் விசிறி, பழமும் மீனுமாகப் படைப்பார்கள். என் மனைவி நீலாவதி பௌதி, அதாவது அண்ணி, என்று நாங்கள் கூப்பிடும் கீழ்வீட்டு வங்காளி அம்மாளிடம் போய் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு வந்துவிட்டாள்.

"நம்மது சைவ வீடு, மீனுக்கு வழி இல்ல. பழந்தான் நம்ம மானத்தக் காப்பாத்தணும். நல்லதா நாலு எடுத்துட்டு வாங்க."

"எனக்கு?"

"வருஷா வருஷம் தின்னது போதாதாக்கும்? மாப்ளைக்கு இது மொத வருஷம்லா!"

எனக்கு வயிறு எரிந்தது. தலை தீபாவளிக்குப் போன என்னை என் மாமியார் விசிறினாளா? விசிறி இருந்தது, அவளே விசிறிக்கொண்டாள்.

ஆனாலும் போனேன். ஒரு கூடையைக் கவிழ்த்து நாலே நாலு எடுத்தேன். ஒவ்வொன்றும் அன்றைக்கு மத்தியானத்துக்கென்றே பழுத்தது. வீட்டில் வைத்ததும் கூடமெல்லாம் மணத்தது. நீலாவதி அவற்றைத் துடைத்துப் பித்தளைத் தட்டில் அடுக்கி, புது விசிறியை ஈரத்துணியால் தடவிவிட்டுக் குளிக்கப் போனாள். அந்த விசிறியைப் பார்க்கப் பார்க்க எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. நாலு பழத்தையும் ஒரு துண்டில் சுற்றி வாஷிங் மெஷினுக்குள் போட்டு மூடினேன். தெருமுனைக்கு ஓடி, தள்ளுவண்டியில் கார்பைடு வைத்துப் பழுக்கவைத்த நாலை வாங்கி வந்து தட்டில் வைத்துவிட்டேன்.

சௌமிக் வேட்டியும் ஜிப்பாவுமாக வந்து உட்கார்ந்தான். நீலாவதி நூல் கட்டினாள், விசிறினாள். என்னை ஒரு நாள் இப்படி விசிறியிருப்பாளா? பழத்தை நறுக்கிக் கொடுத்தாள். அவன் ஒரு துண்டை வாயில் போட்டான், ஒரு கண் தானாக மூடியது.

"ரொம்ப பாலோ, மா," என்று பாதி வங்காளத்தில் நல்லாயிருக்கு என்று சொல்லி அடுத்த துண்டையும் விழுங்கினான். எமகாதகன்!

தாரா அவன் தட்டிலிருந்து ஒன்றை எடுத்துக் கடித்தாள். "ஐயோ அம்மா, ஒரே புளிப்பு! பல்லு கூசுது!"

நீலாவதியும் கடித்துப் பார்த்தாள். என்னைத் திட்டுவாள் என்று நினைத்தேன். பரிதாபமாகப் பார்த்தாள்.

"பாவம், வயசாயிட்டு. மூக்கு போயிட்டு," என்றாள். பிறகு சௌமிக்கிடம் திரும்பி, "இனிமே பழம் நீங்களே வாங்கிட்டு வந்துருங்க மாப்ள. இவர அனுப்ப வேண்டாம்," என்றாள்.

அவன் பவ்யமாகத் தலையாட்டினான்.

முதல் பழம் போனது, விசிறி போனது, இப்போது சந்தைப் பையும் அவன் கைக்குப் போகிறது. திருட்டுப் பயல் என்று சொல்லட்டும், தாங்கிக்கொள்வேன். மூக்கு போனவனா நான்?

"யாருக்குட்டி மூக்கு போச்சு?" என்று கத்திக்கொண்டே போய் வாஷிங் மெஷினைத் திறந்தேன். துண்டோடு தூக்கி வந்து நாலு ஹிம்சாகரையும் அவள் முன்னால் வைத்தேன். "மோந்து பாரு! எனக்கா பழம் பாக்கத் தெரியாது?"

மோந்து பார்க்க வேண்டிய அவசியமே இல்லை, மணம் சொல்லிவிட்டது. தாரா தலையில் அடித்துக்கொண்டாள். சௌமிக் சிரிப்பை அடக்க மேல்துண்டால் வாயைப் பொத்திக்கொண்டான்.

நீலாவதி பழங்களைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். கத்தியை எடுத்து நாலையும் நறுக்கினாள். கதுப்புகளை மூன்று தட்டில் வைத்தாள். சௌமிக்குக்கு ஒன்று, தாராவுக்கு ஒன்று, தனக்கு ஒன்று. முதல் துண்டைத் தானே வாயில் போட்டுக் கண்ணை மூடிக்கொண்டு தின்றாள்.

"எனக்கு?" என்றேன்.

நாலு கொட்டைகளையும் ஒரு கிண்ணத்தில் போட்டு என் பக்கம் தள்ளினாள்.

"முப்பது வருஷமா நீங்க வாங்கிட்டு வந்ததுல எனக்குக் கெடச்சது இதுதான். கதுப்பெல்லாம் உங்களுக்கும் புள்ளைக்கும். பொறாமை உங்களுக்கு மட்டுந்தான் வரும்னு நெனச்சீங்களோ? உங்க தட்டப் பாத்து நான் எரியாத வருஷம் கெடையாது. பழத்த ஒளிச்சு வைக்கல, அவ்வளவுதான்."

சௌமிக் சிரிப்பதை நிறுத்திவிட்டான். அவள் அடுத்த துண்டை எடுத்தாள். நான் கொட்டையைச் சப்பினேன்.