இரண்டு விங்கரும் பின்னால் நின்ற ஆட்டம்

மென்பொருளில் பிழை தேடுவது அப்போது என் வேலை. ஒரு பிழை ஏன் வந்தது என்று தெரியும்வரை எனக்குச் சோறு இறங்காது. அந்தப் புத்தி ஆபீஸோடு நின்றிருந்தால் தேவலை.

சனத்நகரில் ஒரு வீட்டின் மாடியில் குடியிருந்தேன். கீழே இருந்த வீட்டுக்காரர் ரயில்வே ஒர்க்ஷாப்பில் வேலை பார்த்தார். தாத்தா காலத்திலேயே ஹைதராபாத்துக்கு வந்துவிட்ட தமிழ்க் குடும்பம். இளமையில் இந்தியக் கால்பந்து அணிக்கு ஆள் எடுக்கும் முகாம்வரை போனவர், இடது ஓரமாக ஏறி ஆடும் விங்கர். அதற்கு மேல் ஏன் போகவில்லை என்று கேட்டால், "நக்கோ தம்பி, விடுங்க" என்று ஊர் உருது கலந்து தட்டிக்கழிப்பார். விடுவேனா?

பகலிலேயே ஆட்டங்கள் வந்த உலகக் கோப்பை அது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டு டிவி முன்னால் உட்கார்ந்து, துருவித் துருவிக் கேட்டு, விஷயத்தை வாங்கிவிட்டேன். முகாமில் அவரோடு ஒரே அறையில் தங்கியிருந்தவர் வலது விங்கர். இருவருமே பந்து கிடைத்தால் முன்னால் பாய்வார்கள், பறிபோனால் திரும்பி ஓடிவந்து தடுக்க மாட்டார்கள். இப்படி ஒருவனைத்தான் அணி தாங்கும், இரண்டு பேரும் ஏறிவிட்டால் பின்னால் யார் நிற்பது என்று கேட்டாராம் கோச். மறுநாள் ஆட்டத்தில் நன்றாக ஏறி ஆடுகிற ஒருவரை மட்டும் எடுப்பதாகச் சொல்லிவிட்டார்.

"அவனுக்கு அப்பா இல்ல தம்பி. டீம்ல வந்தா வேலை நிச்சயம். அதான் நான் பாதி கிரவுண்டத் தாண்டாம பின்னாலயே நின்னேன். அவன் ஏறி ஆடியிருக்கணும்ல? பயந்துட்டான். ரெண்டு பேரையும் வீட்டுக்கு அனுப்பிட்டாங்க."

சொல்லும்போதே அவர் குரல் ஏறியது. இருபது வருஷத்துக் கோபம், சூடு கொஞ்சமும் குறையவில்லை.

எனக்கோ கணக்கு இடித்தது. பயந்தாங்கொள்ளியை யார் அந்த முகாமுக்குக் கூப்பிடுவார்கள்?

அடுத்த ஞாயிறு அந்த வலது விங்கர் நண்பரே வந்தார். போவன்பள்ளி மார்க்கெட்டில் மொத்த வியாபாரம், கையில் ஒரு பை கத்தரிக்காய். மாதம் ஒருமுறையாவது வந்துபோகிறவர்தான். முகாமைப் பற்றி மட்டும் இருவரும் பேசிக்கொண்டதே இல்லையாம். டிவியில் ஒரு விங்கர் பந்தைப் பறிகொடுத்துவிட்டு, திரும்பி ஓடாமல் இடுப்பில் கைவைத்து நின்றான். என் வாய் சும்மா இருக்கவில்லை.

"அண்ணாச்சி, அன்னைக்கு முகாம்ல நீங்க ஏன் ஏறி ஆடல?"

அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். "நானும் ஏறினா இவன் எப்படித் தெரிவான்? என்னவிட நல்ல ஆட்டக்காரன் இவன். போகட்டும்னு பின்னால நின்னேன். அன்னைக்குன்னு பாத்து இவனுக்குக் காலே வரல."

வீட்டுக்காரர் முகம் வெளிறிவிட்டது. "கைக்குடா? ஏன்டா எங்கிட்ட சொல்லல?"

"நீ கேக்கலயே."

ஏன்டா வாயைத் திறந்தோம் என்று இருந்தது எனக்கு. வீட்டுக்காரர் டிவியையே பார்த்துக்கொண்டிருந்தார். யாரோ கோல் போட்டார்கள். யார் என்று நாங்கள் மூவருமே கவனிக்கவில்லை.

"ஒருத்தனாவது போயிருக்கலாம்டா" என்றார் வீட்டுக்காரர் கடைசியில்.

"ஹவ்" என்று ஆமோதித்தார் நண்பர்.