அத்தை பார்த்த படங்கள்

எங்கள் வீட்டில் சினிமா பார்ப்பதற்கு ஒரு நடைமுறை இருந்தது. வெள்ளிக்கிழமை படம் மாறும். சனிக்கிழமை மேட்னிக்கு வீட்டின் சார்பில் ஒருவர் போய்ப் பார்த்துவிட்டு வருவார். மாலையில் மற்றவர்களுக்கு வாய்மொழியாக அறிக்கை அளிப்பார். அந்த ஒருவர் எப்போதும் அப்பாவின் தங்கையான என் அத்தைதான். பின்னாளில் நான் அரசுப் பணியில் சேர்ந்து, விருப்ப ஓய்வில் வெளியே வரும்வரை எத்தனையோ ஆய்வுக் குழுக்களைப் பார்த்துவிட்டேன். போன இடத்தைப் பற்றி அத்தை அளவுக்கு விவரமாகச் சொன்ன குழு ஒன்றுகூட இல்லை. அந்தக் குழுக்களிலும் பலர் போன இடத்துக்குப் போகாதவர்கள்தான் என்பது வேறு விஷயம்.

இந்த நடைமுறை அப்பா வகுத்தது. அவர் தாலுகா அலுவலகத்தில் எழுத்தர். டிக்கெட் வரிசையில் நிற்பதை மனு கொடுக்க வருகிறவர்கள் யாராவது பார்த்துவிட்டால் மரியாதை போய்விடும் என்று நம்பினார். ஆனால் கதை என்றால் அவருக்கு உயிர். எனவே கதை மட்டும் வீடு தேடி வந்தது.

திருவண்ணாமலை மாவட்டத் தலைநகரமான புதிது அது. எனக்குப் பத்து வயது இருக்கும். சனிக்கிழமை சாயங்காலம் மொட்டை மாடியில் பாய் விரிப்போம். மலை அப்போதுதான் கருநீலமாக மாறிக்கொண்டிருக்கும். வெயில் குடித்த தரையிலிருந்து சூடு மெல்ல ஏறும். நான் அத்தையின் மடியில் குப்புறப் படுத்துக்கொள்வேன். அவள் கை என் முதுகில் இருக்கும். கதை நடக்க நடக்க அவள் விரல்கள் என் முதுகில் தாளம் போடும். கொஞ்ச நேரம் தட்டிவிட்டு உள்ளங்கையால் ஒரு தோளிலிருந்து மறு தோள்வரை ஒரு தள்ளு. மறுபடி தாளம். மறுபடி தள்ளு. கண்ணை மூடினால் மலையின் இருட்டில் கதாநாயகி ஓடுவாள், மழை பெய்யும், விளக்குகள் மிதக்கும். வசனங்களை அத்தை ஒரு சொல் பிசகாமல் சொல்வாள். புடவைகளின் நிறம் மட்டும் நடுவில் மாறும். நீலப் புடவையில் கோயிலுக்குள் போனவள் மஞ்சள் புடவையில் வெளியே வருவாள்.

"உள்ள போய் மாத்திக்கினு வந்தாளா?" என்பார் அப்பா.

"கனவு சீன்ணா அது."

"அப்டி சொல்லு."

முடிவு மட்டும் எல்லாப் படத்திலும் ஏறக்குறைய ஒன்றுதான். கதாநாயகி ஒரு பெட்டியுடன் பஸ் ஏறி வெளியூருக்கு வேலைக்குப் போய்விடுவாள். இப்போதெல்லாம் எல்லாரும் ஒரே மாதிரிதான் படம் எடுக்கிறார்கள் என்று அப்பா வருத்தப்படுவார்.

கோப்பில் பின்னால் வரவேண்டிய தாளை முன்னால் வைப்பது முறையல்ல. இருந்தாலும் இங்கேயே வைத்துவிடுகிறேன். அத்தை எந்தப் படத்தையும் பார்க்கவில்லை. தியேட்டருக்குப் பக்கத்துக் கட்டடத்தின் மாடியில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் ஒன்று இருந்தது. இரண்டுக்கும் நடுவில் ஒரு சுவர்தான். எதிர்வீட்டு பாயின் மகளும் அத்தையும் சனிக்கிழமை மேட்னி நேரத்தில் அங்கே மிஷின் முன்னால் உட்கார்ந்திருப்பார்கள். மற்ற நாட்களில் அத்தைக்கு அந்த வருடம் திடீரென்று பக்தி பெருகி, தினமும் மாலையில் ஒரு மணி நேரம் கோயிலுக்குப் போய்வந்தாள். கோயிலும் அதே தெருப் பக்கம்தான். மிஷின்கள் ஓயும்போது சுவர் வழியாக வசனம் கேட்கும். ஓயாதபோது மிச்சத்தை அத்தையே படமாக்கிக்கொள்வாள். படம் முடிய அரை மணி இருக்கும்போதே இன்ஸ்டிடியூட்டைச் சாத்திவிடுவார்கள். ஆகவே முடிவுகள் எல்லாம் அவளுடைய சொந்தத் தயாரிப்பு.

சினிமாவுக்கு அனுமதித்த அப்பா டைப்பிங்குக்கு அனுமதிக்கவில்லை. டைப் கற்றால் வேலைக்குப் போகத் தோன்றும். அலுவலகம் பெண்கள் இருக்கத் தக்க இடமல்ல என்பது அவர் கருத்து. அது எப்படிப்பட்ட இடம் என்று அவருக்கு நன்றாகத் தெரியும், அங்கே இருந்தவரே அவர்தானே.

ஆனி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் கீழ்பென்னாத்தூரிலிருந்து அத்தையைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளையும் அவருடைய அம்மாவும் மட்டும். அவருக்கு வேங்கிக்கால் பக்கம் அரசு அலுவலகம் ஒன்றில் தட்டச்சர் வேலை. மெலிந்த ஆள், சட்டைப் பையில் இரண்டு பேனா. கேசரியும் பஜ்ஜியும் முடிந்து, காப்பித் தட்டோடு வந்த அத்தையை நமஸ்காரம் செய்யச் சொல்லி உட்கார வைத்தார்கள். காப்பி கொடுத்து முடித்த வெறும் தட்டு அவள் மடியிலேயே இருந்தது.

"பொண்ணு வீட்ல என்ன பண்ணுது?" என்றார் மாப்பிள்ளையின் அம்மா.

சமையல், கோலம் என்று சொல்லியிருக்க வேண்டிய இடம். அப்பாவோ பெருமை தாங்காமல், "எங்க பாப்பா படக் கதை சொன்னா தியேட்டருக்கே போக வேணாங்க. நேத்துகூட புதுப்படம் ஒண்ணு பார்த்துட்டு வந்தா" என்றார்.

மாப்பிள்ளை முதல்முறையாக நிமிர்ந்தார். "நேத்தா? மேட்னியா?"

"மேட்னிதான்."

"நானும் அதே ஆட்டந்தான் சார் பார்த்தேன்."

அப்பாவுக்குச் சந்தோஷம் பொங்கியது. "ஒரே ஆட்டம்! பாரேன்! எங்க, படம் எப்டின்னு ரெண்டு பேரும் சொல்லுங்க."

பிடிபட்டால் என்ன போகும் என்று அத்தைக்குத் தெரியும். சனிக்கிழமை போகும், கோயில் போகும், அடுத்து வரவிருந்த பரீட்சையும் போகும். அம்மா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளுக்கும் தெரிந்திருக்கும் என்று இப்போது படுகிறது. அத்தை தலை குனிந்தபடி சொல்ல ஆரம்பித்தாள். கணவன் சண்டை போட்ட இடம், வசனம் வசனமாக. மாப்பிள்ளை தலையாட்டிக்கொண்டே வந்தார்.

"அந்தப் பொண்ணு செவப்புப் புடவைல..." என்று அத்தை சொன்னபோது தலையாட்டம் நின்றது.

அத்தையும் நிறுத்தினாள். அந்த மௌனத்தில் அவள் விரல்கள் மட்டும் நிற்கவில்லை. காப்பித் தட்டின் விளிம்பில் பத்து விரல்களும் மிக மெதுவாக ஓடிக்கொண்டிருந்தன. மாப்பிள்ளை அந்த விரல்களையே பார்த்தார்.

"அப்புறம்? கடசில என்ன ஆச்சி?" என்று கேட்டது அவருடைய அம்மா.

"பெட்டி எடுத்துக்கினு பஸ் ஏறிப் போயிட்டா" என்றாள் அத்தை. குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

"ஏண்டா, புருசன் கால்ல அவ வுழுந்துட்டான்னு நீ சொன்னியே?"

அப்பாவின் முகத்தில் சிரிப்பு அப்படியே நின்றது. மின்விசிறி கடகடத்தது.

"வுழுந்தாம்மா. அது கடசிக்கு முன்னாடி" என்றார் மாப்பிள்ளை. "எழுந்துரிச்சிப் போயி பஸ் ஏறிட்டா. நீங்க முழுசா கேக்கல." பிறகு அத்தை பக்கம் பார்த்து, "ஜன்னலோர சீட்டு. இல்லைங்களா?" என்றார்.

அத்தை நிமிர்ந்தாள். "ஆமாங்க. ஜன்னலோரம்தான்" என்றாள்.

அன்றே இரு தரப்பும் சம்மதித்தாயிற்று. ஆவணியிலேயே முடித்துவிடலாம் என்றார் அப்பா. மாப்பிள்ளைதான் அவசரமில்லை, ஐப்பசிக்கு வைத்துக்கொள்ளலாம் என்றார். எனக்கு அவர்மேல் கோபம் வந்தது. பெண்ணைப் பிடித்திருந்தால் யாராவது தள்ளிப்போடுவார்களா? ஆவணியில்தான் டைப்பிங் பரீட்சை வரும் என்ற தட்டச்சரின் கணக்கு எனக்கு எப்படித் தெரியும்?

அடுத்த வாரம் பள்ளியில் ஒருத்தி, அந்தப் படத்தில் கதாநாயகி கணவன் காலில் விழுவதோடு வணக்கம் போட்டுவிடுகிறார்கள் என்றாள். நான் அவளோடு சண்டை போட்டேன். பஸ் ஏறியதற்கு என்னிடம் இரண்டு சாட்சிகள் இருந்தார்கள், அதில் ஒருவர் அரசு ஊழியர். உட்கார்ந்த சீட்டு உள்பட என்னால் சொல்ல முடிந்தது. அவளிடம் வெறும் படம் மட்டுமே இருந்தது.

திருமணத்துக்குப் பிறகு அத்தை வேலைக்குப் போனாள். அப்பா முதலில் பேசாமல் இருந்தார். பிறகு "எங்க பாப்பா ஆபீஸ்ல..." என்று எல்லாரிடமும் பேச ஆரம்பித்தார். நான் பிளஸ் டூ முடித்ததும் அவரே என்னைக் கூட்டிப்போய், டைப்பிங் இல்லாத பெண்ணுக்கு எதிர்காலம் ஏது என்று எனக்கே அறிவுரை சொல்லி, அதே இன்ஸ்டிடியூட்டில் சேர்த்துவிட்டார். கொள்கை மாற்றத்துக்கு அரசாணை எதுவும் வெளியிடப்படவில்லை.

முதல் நாள். சுவருக்கு அப்பால் யாரோ யாரையோ மன்னித்துக்கொண்டிருந்தார்கள். பழைய மிஷின். விரல்களை வைக்கும் இடத்தைக் காட்டினார்கள். தட்டித் தட்டி ஒரு வரி முடிந்ததும் மணி ஒலித்தது. கைப்பிடியைப் பிடித்து இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஒரு தள்ளு தள்ளினேன்.

என் முதுகு சிலிர்த்தது. அத்தனை சனிக்கிழமைகளிலும், மலை கருத்துக்கொண்டிருக்க, நான் கண்ணை மூடிப் படம் பார்த்துக்கொண்டிருந்தபோது, அத்தை என்மேல் பாடம் படித்துக்கொண்டிருந்திருக்கிறாள். அவளுக்குக் கதை பிடித்துப்போய்த்தான் விரல்கள் ஆடுகின்றன என்று நினைத்து, தாளம் நின்றபோதெல்லாம் "இன்னும் தட்டு அத்த" என்று நான்தான் கேட்டிருக்கிறேன்.